டர்போ காரில் பிஸ்டன் போயிருக்கிறதா? இன்ஜினை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்: வேலூர் வட்டாரத்துக்கான வழிகாட்டி

பிக்கப் குறைந்துவிட்டது. செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. சைலன்சரில் லேசாக நீலப் புகை. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால், பானட்டைத் தூக்கிய ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "பிஸ்டன் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்."

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த அறிகுறிகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ, செத்துப்போன இக்னிஷன் காயிலிலும் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுப்பது), கிழிந்த பிசிவி டயாபிரமிலும் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வால்வின் ரப்பர்), டர்போ சீல் கசிவிலும் வரும். எதிலும் இன்ஜினை இறக்கத் தேவையில்லை. இன்னொரு பக்கம், நிஜமாகவே பிஸ்டன் உடைந்திருந்து, எதனால் உடைந்தது என்று பார்க்காமல் புதுசு போட்டால், அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே இடத்தில் உடையும். இந்த இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்க வேண்டுமானால் சோதனைகளைக் கீழே உள்ள வரிசையில் செய்ய வேண்டும். வரிசை மாறினால் ஆதாரம் அழிந்துவிடும்.

இது டர்போ பெட்ரோல் கார்களுக்கு எழுதியது. ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடிஐ, பிஎம்டபிள்யூ 330ஐ, வெர்னா டர்போ போன்றவை. ரீமேப் செய்து (கூடுதல் பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். டீசல் வண்டிக்கு இங்குள்ள எண்கள் பொருந்தாது.

1. வண்டியை நிறுத்துங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். மினுக்கினால் போகக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்திருந்தால், அந்தத் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்த நிமிடமே நிறுத்தினால் ஒரு பிஸ்டன், ஒரு ரிங் செட்டோடு தப்பிக்க வாய்ப்புண்டு. "பள்ளிகொண்டா டோல் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் போரிங் (சிலிண்டர் சுவரைக் குடைந்து பெரிதாக்குவது), சில இன்ஜினில் பிளாக்கே மாற்றும் அளவுக்குப் போகும்.

பிளாட்பெட் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். முன்பக்கக் கொக்கியில் மாட்டி இழுப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும், நான்கு சக்கர டிரைவ் வண்டியையும் கெடுக்கும். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210. உங்கள் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் அந்த ஊர்களில்தான் என்றால், டோ வண்டிக்காரரிடம் போகவர தூரத்துக்கா, ஒரு பக்கத்துக்கா, டோல் யார் பொறுப்பு என்பதை ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். காப்பீட்டில் சாலையோர உதவி இருந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதையும் பாருங்கள்.

மழையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் கதை வேறு. சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்துவிடும்.

டோ வண்டி வரும் வரை இவற்றை எழுதி வையுங்கள்: ஓடிய கிலோமீட்டர், எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடியதா, கடைசியாக எங்கே என்ன பெட்ரோல் போட்டது. டேஷ்போர்டையும் டிப்ஸ்டிக்கையும் போட்டோ எடுங்கள். அரைமணி நேரம் கழித்து யாருக்குமே இதெல்லாம் சரியாக ஞாபகம் இருக்காது. எட்டாவது படியில் இந்தக் குறிப்புதான் உதவும்.

2. காகிதங்களை முதலில் தயார் செய்யுங்கள்

பைலில் இருக்க வேண்டியவை: ஆர்சி, காப்பீட்டுப் பாலிசி முழுப் பக்கங்களும், வாரண்டி அல்லது நீட்டித்த வாரண்டி பத்திரம், எல்லா சர்வீஸ் பில்களும், ஆயில் வாங்கிய பில். ஆயில் பில்லில் கிரேடு மட்டும் போதாது. தயாரிப்பாளர் ஒப்புதல் எண்ணும் தெரிய வேண்டும். 5டபிள்யூ-30 என்று பத்து ஆயில் இருக்கும், உங்கள் இன்ஜினுக்கு ஒப்புதல் பெற்றது இரண்டு மூன்றுதான்.

சாதாரண முழுக் காப்பீடு இயந்திரப் பழுதையும் தேய்மானத்தையும் ஏற்காது. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனதற்குக்கூட இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் வழி உண்டு. கிளெய்ம் வாய்ப்பு இருந்தால் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். வாரண்டியும் அப்படியே. வெளிப்பட்டறையில் திறந்த இன்ஜினை அவர்கள் ஏற்க மாட்டார்கள். ரீமேப் செய்திருந்து, கம்பெனி பைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். எத்தனை முறை பிளாஷ் செய்தது என்பதைப் பல ஈசியுக்கள் (இன்ஜின் கம்ப்யூட்டர்கள்) பதிந்து வைக்கும். அந்த யோசனையை நம்பாதீர்கள்.

பட்டறையில் ஜாப் கார்டு போடும்போது கையால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "சோதனை மட்டும். எழுத்து மூலம் அனுமதி தராமல் ஹெட், ஆயில் சேம்பர் கழற்றக் கூடாது. மாற்றும் பாகங்கள் அனைத்தும் திருப்பித் தர வேண்டும்." சோதனைக் கூலியையும் அப்போதே பேசி முடியுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் பட்டறையில் வேலை கொடுக்காமல் இருப்பது நல்லது.

3. ஸ்கேனர்: பிழைக் கோடுகளை (எரர் கோட்) அழிப்பதற்கு முன் படியுங்கள்

ரூ.1,000 சுற்றியுள்ள புளூடூத் ஓபிடி கருவியே முதல் பார்வைக்குப் போதும். பி0300 என்றால் சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆகின்றன (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது; இதுதான் மிஸ்ஃபயர்). பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0087 என்றால் பெட்ரோல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம் குறைவு. கடைசி இரண்டும் மிஸ்ஃபயரோடு சேர்ந்து வந்தால் பிஸ்டனைக் கொன்றவர் பெட்ரோல் சப்ளை பக்கம் இருக்கலாம்.

பிரீஸ் பிரேம் பதிவைக் கட்டாயம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலண்ட் சூடு, உள்ளே போன காற்றின் சூடு எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக் அண்ணன்களில் பலர் ஸ்கேனரைச் செருகியதும் பழக்கதோஷத்தில் கோடை அழித்துவிடுவார்கள். அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும்.

அடுத்து, சந்தேகப்படும் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஃபயர் காயிலோடு இடம் மாறினால் நீங்கள் தப்பித்தீர்கள். இதற்காக வண்டியைச் சில நொடிகள் ஓடவிட வேண்டியிருக்கும். உலோகச் சத்தம் கேட்ட இன்ஜினில் இதைச் செய்யாமல் நேராக நான்காவது படிக்குப் போங்கள்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதும் ஒரு சாட்சி. மிதிக்கும்போது வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். இறக்கத்தில் காலை எடுத்து வந்து, திரும்ப மிதித்தவுடன் ஒரு குபுக் என்றால் வால்வு சீல். சிக்னலில் நிற்கும்போது பெருகினால் டர்போ. ஐடிலில் ஆயில் மூடி வெற்றிடத்தில் ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியாமல் இழுத்தால், அல்லது விசில் சத்தம் கேட்டால், பிசிவி. ஆயில் கொஞ்சம் குறைவதே குற்றமில்லை; 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று கையேட்டிலேயே எழுதும் தயாரிப்பாளர்கள் உண்டு.

4. பிளக்கைக் கழற்றிப் படியுங்கள்

இன்ஜின் ஆறியபின் கழற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை வரும். கழற்றும் முன் பிளக் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் அங்கே கிடக்கும் மண் நேராகப் பிஸ்டன் தலையில் விழும். நான்கையும் 1, 2, 3, 4 என்று அட்டையில் குத்தி வரிசையாக வைத்து போட்டோ எடுங்கள். டப்பாவில் போட்டுக் கலக்கிவிட்டால் சோதனையே வீண்.

வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் போலக் கருப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் மிகச்சிறு உருண்டைகளோ தெரிந்தால் அது நாக்கிங்கில் (கலவை தானாக வெடித்துப் பிஸ்டனை அறைவது) பெயர்ந்த அலுமினியம். பிஸ்டன் தலையிலிருந்து வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்; வெறும் கண்ணுக்குத் தப்பும். பீங்கானில் விரிசல் இருந்தால் கடுமையான நாக்கிங். எலக்ட்ரோடு உருகியிருந்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றியிருக்கிறது. எலக்ட்ரோடு நசுங்கி இடைவெளி மூடியிருந்தால் உள்ளே ஏதோ துண்டு சுற்றுகிறது. ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரின் ரிங். நான்குமே நனைந்திருந்தால் பிசிவி, டர்போ என்று பொதுவான இடத்தில் தேடுங்கள். ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெள்ளையாக இருந்தால் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) வழியாகக் கூலண்ட் கசிகிறது.

5. போர்ஸ்கோப் கேமரா

கைபேசியில் செருகும் 5.5 மி.மீ. கேமரா ரூ.1,000 முதல் 2,000க்குள் கிடைக்கும். பிஸ்டன் தலையைப் பார்க்க அது போதும். சுவரைப் பார்க்க, பக்கவாட்டுக் கண்ணாடி மாட்டியதோ, இரட்டை லென்ஸ் உள்ளதோ வேண்டும். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

நான்கு பிளக்கும் வெளியே இருக்க, கிராங்க் புல்லி போல்ட்டில் ராட்செட் வைத்து இன்ஜின் சுற்றும் திசையில் மட்டும் கையால் சுற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் அடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஸ்டார்ட்டரால் சுற்றாதீர்கள். கேமராவை உள்ளே விட்டுக்கொண்டு ஸ்டார்ட்டர் அடித்துப் புதுத் துண்டு உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

தலையில் தேட வேண்டியவை: நடுவில் ஓட்டை, ஓரத்தில் எலி கடித்ததுபோல் கரைந்த விளிம்பு, பிறைநிலா வடிவத்தில் வால்வு இடித்த தடம். கரி படிந்த தலையில் ஓரம் மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தால் அங்கே ஆயில் ஏறுகிறது. சுவரில் ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போதே போடும் மெல்லிய கீற்றுகள்) குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள், அதுவும் கேமரா வெளிச்சத்தில் அகலமான பட்டையாகத் தெரிந்தால் கீறல். ஒன்றிரண்டு மெல்லிய கோட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நான்கு சிலிண்டரையும் ஒப்பிட்டு எது மட்டும் வித்தியாசம் என்று பாருங்கள். வீடியோவைச் சிலிண்டர் எண் சொல்லிக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

ரிங் பள்ளத்தின் உடைவு கேமராவில் தெரியாது. அது பிஸ்டனின் பக்கவாட்டில், சுவரை ஒட்டி இருக்கிறது. "கேமராவில் எல்லாம் சுத்தமா இருக்கு" என்பதோடு நிறுத்தினால் டர்போ வண்டியில் மிகப் பரவலான உடைவையே தவறவிடுவீர்கள்.

6. கம்ப்ரஷன் டெஸ்ட்

முடிந்தால் இன்ஜின் சூட்டில் எடுக்க வேண்டும். ஓட்டக் கூடாத நிலை என்றால் குளிரிலேயே எடுங்கள். எண்கள் குறைவாக வரும், ஒப்பீடு செல்லும். எல்லா பிளக்கும் வெளியே. காயில் இணைப்புகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்குங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் ரயிலுக்குள் மிக அதிக அழுத்தம் நிற்கும். பைப்பில் கை வைக்காதீர்கள். பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். பேட்டரி தளர்ந்தால் நான்காவது சிலிண்டர் சும்மாவே கெட்டதாகக் காட்டும்.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஆறேழு அமுக்கம் சுற்ற விடுங்கள். முதல் அமுக்கத்தில் முள் எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுங்கள். டர்போ பெட்ரோலில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். உங்கள் இன்ஜினின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு, அதுதான் செல்லும். எண்ணை விட வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 180, 175, 90, 178 என்று வந்தால் மூன்றாவதில் வேலை இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால் தேய்ந்த ரிங் அல்லது சுவர். ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கெட், அல்லது பிஸ்டனில் ஓட்டை. கொஞ்சூண்டு ஏறி நின்றால் உடைந்த பள்ளத்தைச் சந்தேகப்படுங்கள். பிளக்கெல்லாம் வெளியே இருக்கும்போது ஆயில் பீச்சும். முகத்தைக் குழிக்கு நேரே வைக்காதீர்கள்.

7. லீக் டவுன் டெஸ்ட்: காசு கொடுத்தாவது செய்ய வேண்டியது

பல பட்டறைகள் தாண்டிப் போகும் சோதனை இது. கம்ப்ரஷன் டெஸ்ட் "காற்று நிற்கவில்லை" என்று மட்டும் சொல்லும். இது எந்த வழியாகப் போகிறது என்று கையைப் பிடித்துக் காட்டும். இரண்டு மீட்டர் உள்ள கருவி சில ஆயிரம் ரூபாய்தான். பட்டறையில் இல்லையென்றால் வாங்கிக் கொண்டுபோங்கள். இன்ஜின் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. காற்றுக்கு பஞ்சர் கடை அளவு கம்ப்ரஷர் போதும், 100 பிஎஸ்ஐ விடாமல் தர வேண்டும்.

முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடியும் இடத்தில், எல்லா வால்வும் மூடியிருக்கும்படி, உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் குழியில் நீள ஸ்ட்ரா விட்டுப் பார்த்தால் உச்சி தெரியும். காற்றைத் திறக்கும் முன் கிராங்க் போல்ட்டில் மாட்டிய ராட்செட்டை எடுத்துவிடுங்கள். உச்சியிலிருந்து ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் காற்றழுத்தம் கிராங்கைச் சுற்றிவிடும். ராட்செட் இருந்தால் கை உடையும். மேனுவல் வண்டியை மேல் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து வைக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் உச்சியைத் துல்லியமாகப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் எரியும் வரிசை 1-3-4-2. முதலாவது முடிந்ததும் கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்றாவது உச்சிக்கு வரும், இன்னொரு அரைச் சுற்றில் நான்காவது, அடுத்து இரண்டாவது. ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். 20ஐத் தாண்டினால் கவலை. 30க்கு மேல் என்றால் இன்ஜினைத் திறப்பது நியாயம். இப்போது காதை வையுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே "ஸ்ஸ்" என்று வந்தால் ரிங் அல்லது பிஸ்டன். த்ராட்டில் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலண்ட் டப்பாவில் குமிழி விட்டால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்து பிளக் குழியில் வந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. காதுக்குப் பிடிபடாவிட்டால் சமையலறைப் புனலைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள், அல்லது ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். பெட்ரோல் பக்கம் புகை வேண்டாம்.

ரிங் வழியாக எல்லா சிலிண்டரிலும் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். 8, 9, 38, 8 என்று ஒன்று மட்டும் துருத்தினால்தான் செய்தி. சந்தேகம் வந்தால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி அதே சிலிண்டரை இன்னொரு முறை எடுங்கள். கரி மாட்டிய வால்வு முதல் தடவை பொய் சொல்லும்.

ஒரு முக்கியமான விஷயம்: உடைந்த பள்ளம் சில நேரம் கம்ப்ரஷன் டெஸ்டில் ஓரளவு நல்ல எண்ணே காட்டும். ஸ்டார்ட்டர் வேகத்தில் கசிய நேரம் போதாது. லீக் டவுனில் மாட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் பார்த்துவிட்டு "இன்ஜின் ஓகே" என்பதை ஏற்காதீர்கள்.

ஆயிலையும் பில்டரையும் கடைசியில் பாருங்கள். ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் வடித்து, பில்டர் தாளைக் கத்தரித்து விரியுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: ரிங், சுவர். ஒட்டாத வெள்ளித் துணுக்கு அலுமினியம், பிஸ்டனாக இருக்கலாம். செம்பு நிறம் பேரிங். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்து, அளவும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. வடிக்கும்போது நடுவில் 100 மி.லி. பிடித்து பாட்டிலில் மூடி வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பத் தோன்றினால் இருக்கும். அனுப்பினால் சிலிக்கான் அளவைக் கேளுங்கள், அது உள்ளே போன மண்.

ஸ்கேனர் முதல் லீக் டவுன் வரை கைதேர்ந்தவருக்கு ஒரு பகல் வேலை. "ஒரு வாரம் ஆகும்" என்றால் வண்டி வரிசையில் நிற்கிறது என்றுதான் பொருள்.

8. திறந்த பிறகு: செத்தது பிஸ்டன், கொன்றது யார்?

லீக் டவுனும் பிளக்கும் ஒரே சிலிண்டரைக் காட்டினால் எழுத்தில் அனுமதி கொடுங்கள். ஹெட் கழன்றதும், பிஸ்டன்கள் வெளியே வந்ததும் நீங்கள் நேரில் இருங்கள். பிஸ்டனைக் கழுவுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். அழுக்கிலும் சாட்சி இருக்கிறது. எந்தப் பக்கம் எக்ஸாஸ்ட், எந்தப் பக்கம் இன்டேக் என்று மார்க்கரால் குறியுங்கள்.

விளிம்பு மணல் அடித்ததுபோல் பொரிந்து, மேல் பள்ளம் உடைந்து, கன்ராடு மேல் பேரிங்கும் அடிபட்டிருந்தால் நாக்கிங். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு டோலில் நின்று, உடனே முழுதாக மிதிக்கும்போது இன்டர்கூலர் ஏற்கனவே சூட்டில் தோய்ந்திருக்கும். கம்பெனி ஈசியு டைமிங்கைக் குறைத்துச் சமாளிக்கும். வெளிநாட்டு 98 ஆக்டேனுக்கு எழுதிய ரீமேப் பைலை அப்படியே ஏற்றியிருந்தால் அந்த இடைவெளி இருக்காது. ரீமேப் வண்டிக்கு எக்ஸ்பி95, ஸ்பீடு 97 போன்றவற்றில் எது உங்கள் வழியில் விடாமல் கிடைக்கிறதோ, அதற்கு எழுதிய பைலே வேண்டும். இருபது சதவீத எத்தனாலைத் திட்டுவது இப்போது வழக்கம். ஆனால் எத்தனால் ஆக்டேனை ஏற்றத்தான் செய்யும். நாக்கிங்குக்கு அதைக் குற்றவாளியாக்க முடியாது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் இழுப்பது வேறு சங்கதி.

தலை சுத்தமாக இருந்து, ஒரே ஒரு சிலிண்டரில் பள்ளத்தின் ஒரு துண்டு மட்டும் பிஸ்கட் போல் உடைந்திருந்தால், குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றும் கோளாறைச் சந்தேகப்படுங்கள். சுமார் 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில், ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது வருவது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டு மிதிப்பது இதற்கு ஏற்ற இடம். மேனுவல் மோடில் இரண்டாவது கியர் பிடித்து 3,000க்கு மேல் வைத்து ஏற்றுங்கள். ஆயிலும் காரணமாகலாம். ஏபிஐ எஸ்பி தரம் 2020இல் வந்தது, இந்தக் கோளாறுக்கான சோதனையும் அதில் உண்டு. பழைய எஸ்என் ஆயில் டின் மலிவாகக் கிடைத்தாலும் டர்போவுக்கு வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு ஒரு சிலிண்டரில் மட்டும் உருகியிருந்தால் அந்த இன்ஜெக்டரை ஃப்ளோ டெஸ்ட் (பீச்சும் அளவைப் பார்க்கும் சோதனை) செய்யாமல் திரும்பப் போடாதீர்கள். நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (சூட்டை வெளியேற்றும் திறன்) சரியா என்று பாருங்கள். பிஸ்டன் பின் இருக்கும் இடத்துக்கு இரு பக்கமும், நான்கு மூலையில் உரசல் இருந்தால் இன்ஜின் சூடேறி இறுகியது. வேலூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் பாத்திரத்திலேயே வெள்ளை படிகிறது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளேயும் அப்படித்தான் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி, வேறெதுவும் வேண்டாம்.

பிஸ்டனின் கீழ்ப்பக்கமான பாவாடைப் பகுதி முழுக்க கருத்து இழுபட்டிருந்தால் ஆயில் போகவில்லை. பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஜெட்டைச் சோதியுங்கள். ரிங் முகம் மங்கலாகத் தேய்ந்து, நான்கு சிலிண்டரிலும் மெல்லிய கோடுகள் என்றால் மண். திறந்த கோன் பில்டர் மாட்டி, மணல் லாரிக்குப் பின்னால் ஓட்டும் வண்டிகளில் பார்க்கலாம். மேல் ரிங்கின் இரு முனைகளும் கண்ணாடி போல் பளபளத்தால் ரிங் இடைவெளி போதாமல் முட்டியிருக்கிறது. பவர் ஏற்றிய இன்ஜினில் பழைய இடைவெளியோடு ரிங் போட்டதன் விளைவு. சிலிண்டரின் மேல்பக்கக் கரிக்கோடு ஒன்றில் மட்டும் கீழே இறங்கியிருந்தால் கன்ராடு வளைந்திருக்கிறது. தண்ணீர் குடித்த இன்ஜின்.

9. லேத், பாகங்கள், பில்

போரிங் என்று சொல்வதற்கு முன் பிளாக் எந்த வகை என்று கேளுங்கள். வார்ப்பிரும்பு பிளாக், இரும்பு ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகிய குழல்) என்றால் நல்ல லேத்தில் முடியும். பி48, பி58 போன்ற பிஎம்டபிள்யூ இன்ஜின்களில் சுவரில் இருப்பது தெளித்த மெல்லிய இரும்புப் பூச்சு. சாதாரணமாகப் போரிங் செய்தால் பூச்சு போய்விடும். அதற்கு ஸ்லீவ் போடும் அனுபவம் உள்ள இடம்தான் வேண்டும்.

லேத்துக்கு பிஸ்டனை முதலில் கையில் கொடுங்கள், பிறகு போர் செய்யச் சொல்லுங்கள். இடைவெளி பிஸ்டனைப் பொறுத்தது. கம்பெனி வார்ப்புப் பிஸ்டனுக்கு 0.03 முதல் 0.05 மி.மீ. அளவு போதும், 2618 என்ற அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த போர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், 0.08 முதல் 0.10 வரை கேட்கும். அதனால்தான் காலையில் லொடலொடக்கும். சூடானதும் அடங்கினால் அது பழுதல்ல. இரண்டிலும் பிஸ்டனோடு வந்த தாளில் உள்ள எண்ணே இறுதி. போர் அளவை மேல், நடு, கீழ், குறுக்கும் நெடுக்குமாக ஆறு இடத்தில் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில்லில் விடுபடும் மூன்று, பின்னால் இன்ஜினையே திரும்பக் கேட்கும். ஆயில் கூலர்: அதற்குள் சிக்கிய அலுமினியத்தைக் கழுவி எடுக்க முடியாது, மாற்றுங்கள். ஹெட் போல்ட், கன்ராடு போல்ட்: கோணம் வைத்து முறுக்கும் வகை என்றால் ஒருமுறைதான், பழையதைப் போட விடாதீர்கள். டர்போ: ஷாஃப்ட் ஆட்டத்தைப் பார்த்து, ஆயில் பைப்பைப் புதிதாகப் போடுங்கள்.

லேத் வேலை மூன்று நான்கு நாள். பாகங்கள்தான் நாளைத் தின்னும். உள்நாட்டில் இருப்பு இல்லாத பிஸ்டன் வாரக்கணக்கில் ஆகும். ஆர்டர் செய்யும் முன் பழைய பிஸ்டனின் தலையிலும் உள்பக்கத்திலும் உள்ள எண்ணைச் சேசிஸ் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். எஸ்டிமேட்டில் கூலி, லேத், பாகம் மூன்றும் தனித்தனியாக, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா என்று எழுதியிருக்க வேண்டும். அட்வான்ஸ் பாகங்களுக்கு மட்டும் கொடுங்கள்.

கணக்குப் பார்த்துச் சிலர் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையில் பழைய இன்ஜினே வாங்கிப் போட்டுவிடலாம் என்பார்கள். வாங்குவதாக இருந்தால் அந்த இன்ஜினுக்கும் மேலே சொன்ன கம்ப்ரஷன், லீக் டவுன் இரண்டையும் பணம் கொடுக்கும் முன் எடுங்கள். தரையில் கிடக்கும் இன்ஜினிலும் லீக் டவுன் எடுக்கலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற காகிதமும் பில்லும் இல்லையென்றால் தொடாதீர்கள். இன்ஜினோ, எண் பொறித்த பிளாக்கோ மாறினால் டிஎன் 23 வேலூரோ, டிஎன் 73 ராணிப்பேட்டையோ, உங்கள் வண்டி பதிவான ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். அதன் நகலைக் காப்பீட்டுக்கும் அனுப்புங்கள். ஆர்சியில் ஒரு எண், பிளாக்கில் ஒரு எண் என்று இருந்தால் அடுத்த கிளெய்மும் நிற்கும், வண்டி விற்பதும் நிற்கும்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் பில்டரையும் மாற்றி, அந்த பில்டரையும் கத்தரித்துப் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் லீக் டவுன் எடுத்து, நான்கு எண்களையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.